மோட்டார் கொட்டகையில் ஒட்டிய ஸ்டிக்கர்

காலை ஐந்து ஐம்பது. உப்பளத்துக் கரையில் வண்டியை நிறுத்தியபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு பச்சை லுங்கி. வெளுத்துக் கிடந்த பாத்திகளுக்கு நடுவே அசைந்தது அது ஒன்றுதான். கட்டியிருந்தவர் நீளக் காம்பு போட்ட பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் குவித்துக்கொண்டிருந்தார். கிழக்கே சாலை வரைக்கும், மேற்கே கால்வாய் வரைக்கும் வேறு ஆள் இல்லை.

அவர் அங்கே இருக்கக் கூடாது. அவர் வீட்டுக் கதவில் 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்ற ஸ்டிக்கரை முந்தின நாள் மாலை ஒட்டியது நான்தான்.

புதிதாகச் சுகாதார ஆய்வாளர் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் இரண்டு பேர் பயிற்சி வகுப்பில் என்னிடம் கேட்டீர்கள்: பெருந்தொற்றுக் காலத்தில் ஆட்களை வீட்டுக்குள் அடைத்தது சரிதானா, அது அவர்கள் உரிமையில் கை வைத்ததாகாதா? வகுப்பில் நான் சுற்றறிக்கையில் இருந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். அது பதில் இல்லை. என்னிடம் இருப்பது ஒரு ஆளைப் பற்றிய ஞாபகம். அதை எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் சில வருடங்கள் திண்டிவனத்தில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேரச் செய்தியாளராக இருந்தேன். அங்கிருந்த உதவி ஆசிரியர் என் செய்தியைத் திருப்பி அனுப்பும்போதெல்லாம் ஓரத்தில் ஒரே கேள்வியைத்தான் எழுதுவார்: 'நீ பார்த்தாயா, யாராவது சொன்னார்களா?' சுகாதாரத் துறையில் எனக்கு அதிகம் உதவியது அந்தக் கேள்விதான்.

அன்று காலை போனில் வந்த புகார் இது: 'கொரோனாக்காரன் ஊரைச் சுத்துறான்.' நான் பார்த்தது, ஒரு மனிதர் தனியாக உப்பு வாருவதை.

பெயர் ஏழுமலை. நாற்பது வயதுக்குள். மரக்காணம் உப்பை ஏற்றிக்கொண்டு லாரி சென்னைக்குப் போனபோது லோடு இறக்கக் கூடப் போனவர். திரும்பிய சில நாளில் லாரி டிரைவருக்குத் தொற்று உறுதியானது. மேஸ்திரி அந்தப் பகுதி உப்பளத்தில் வேலையை நிறுத்திவிட்டார். ஏழுமலைக்குப் பதினாலு நாள் வீட்டுத் தனிமை.

எங்களுக்கு நடுவே உப்புநீர் ஓடும் வாய்க்கால். இந்தக் கரையில் நின்று கத்தினேன்.

"ஏம்பா ஏழுமலை! கதவுல ஒட்டியிருக்கறது என்னன்னு படிச்சியா?"

"படிக்கத் தெரியாதுங்க சார்!"

"எட்டாவது வரைக்கும் படிச்சேன்னு நேத்து நீதானே சொன்ன?"

"அப்போ கண்ணு தெரியலைன்னு வச்சுக்கோங்க."

பலகையைக் கீழே போட்டுவிட்டு வாய்க்கால் ஓரம் வந்து நின்றார். முகத்தில் துண்டைச் சுற்றியிருந்தார். அது வெயிலுக்கு எப்போதும் சுற்றுவது.

"சார், கோவப்படாம கேளுங்க. என் வீட்ட நீங்க பாத்தீங்க. ஒரே ரூமு. நானு, செல்வி, ரெண்டு பொண்ணுங்க, எங்கப்பா. அவருக்கு ஆஸ்துமா. ஆறடி தள்ளி இருன்னீங்க. ஆறடி தள்ளிப் போனா பக்கத்து வீட்டு அடுப்புல கால வைக்கணும் சார். இங்க பாருங்க. ஆறடியா வேணும்? எடுத்துக்கோங்க, எவ்ளோ வேணுமோ."

கையை விரித்துக் காட்டினார்.

"மோட்டார் கொட்டகையில படுத்துக்கறேன். யாரும் வர மாட்டாங்க. பாத்தியில வாராம விட்டா உப்பு பாறையாட்டம் புடிச்சிக்கும், அடியில சேறு ஏறிடும். அதையும் பாத்துக்கறேன். சும்மா உக்காந்தா நெத்திய நெத்திய தொட்டுப் பாக்கத் தோணுது சார். நேத்து ராவு பூரா அதான் வேல."

விதிப்படி நான் அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மறுத்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். அந்த வாரம் பக்கத்து ஊர்களில் இரண்டும் நடந்துகொண்டிருந்தன. ஒரு ஊரில் வாசலையே தகரம் வைத்து அடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் பார்க்கவில்லை.

எங்கள் வட்டார மருத்துவ அலுவலருக்குப் போன் செய்தேன். என்னைவிட இருபது வயது இளையவர். முழுக்கக் கேட்டுவிட்டு என்னையே கேட்டார்.

"நீங்க என்ன சார் நினைக்கிறீங்க?"

"வீட்டுல இருந்தா அந்தப் பெரியவருக்கு ஆபத்து மேடம். இங்க இருந்தா யாருக்கும் இல்ல."

"அப்ப இருக்கட்டும். நான் கையெழுத்துப் போடறேன். ஆனா ஒண்ணு. அவர் கேட்டாரு, நாம சம்மதிச்சோம்னு எழுதுங்க. நாம அனுப்பினோம்னு எழுதிடாதீங்க. ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும். ஒண்ணு இல்ல."

அப்படியே எழுதினேன். சாயங்காலம் புது ஸ்டிக்கர் ஒன்றைக் கொண்டுபோய் மோட்டார் கொட்டகைக் கதவில் ஒட்டினேன். வீட்டுக் கதவில் இருந்ததை உரித்து எடுத்தேன். பசை காய்ந்திருந்தது. கத்தியால் சுரண்ட வேண்டியிருந்தது. தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்து நின்று அதைப் பார்த்தார்கள்.

சாப்பாடு போன விதத்தைச் சொல்ல வேண்டும். மரக்காணம் பக்கம் உப்பைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். ஒருவர் கீழே வைப்பார், மற்றவர் எடுத்துக்கொள்வார். உப்பிலேயே வேலை செய்கிறவர்களுக்கும் வீட்டு உப்பென்றால் அதுதான் முறை. நான் செல்வியிடம் சமூக இடைவெளியை விளக்கத் தொடங்கியபோது அவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"உப்பு வைக்கற மாரி வச்சிட்டுத் தள்ளி நிக்கணும். அவ்ளோதான சார்? இதுக்கு எதுக்கு சார் மைக் போட்டு ஆட்டோ ஓட்டறீங்க?"

மறுநாளிலிருந்து செல்வி தூக்குவாளியை வாய்க்காலின் மதகுக் கட்டை மேல் வைப்பார். நாலடி பின்னால் போவார். ஏழுமலை வந்து எடுத்துக்கொண்டு அவரும் நாலடி பின்னால் போவார். பிறகு இருவரும் மதகை நடுவில் வைத்துக் கொஞ்ச நேரம் பேசுவார்கள். குழம்பில் உப்புக் கம்மி என்று ஏழுமலை சத்தமாகச் சொல்வார். "உனக்கா உப்புக்குப் பஞ்சம்? ஒரு பாத்தி அள்ளிப் போட்டுக்கோ" என்று செல்வி சத்தமாகச் சொல்வார்.

தினமும் மாலை நானும் போவேன். ஏழுமலை, அவருக்குக் கொடுத்திருந்த வெப்பமானியை நாக்கின் அடியில் வைத்துப் பார்த்து எண்ணை அந்தக் கரையிலிருந்து கத்துவார்.

"தொண்ணூத்தெட்டு சார்! வெயிலுக்கு எவ்ளோ கழிக்கணும்?"

அந்த மாதங்களில் என் மனைவி திண்டிவனத்தில் இருந்தார், மகளும் அவளுடைய கைக்குழந்தையும் கூட. எங்கெங்கோ போய்வருகிற நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. மரக்காணத்தில் மூடிக் கிடந்த ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை. நான் போனால் டீக்கடைக்காரர் கிளாசை மேஜையின் அந்தக் கோடியில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். கொரோனா வீடுகளுக்குப் போகிறவன் என்று அவருக்குத் தெரியும். அலுவலக வேலையைத் தவிர வேறு எதையாவது அந்த நாட்களில் நான் பேசியது ஏழுமலையிடம்தான். அது அவரைப் பற்றிய என் முடிவைப் பாதித்திருக்கலாம். நீங்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரு நாள் அவர் கேட்டார்: "சார், உங்களுக்கு யாரு சார் சோறு வைக்கறது?"

"நானே பொங்கிக்கறேன்."

"அப்போ நீங்களும் நம்ம கேஸ்தான். ஸ்டிக்கர் மட்டும்தான் ஒட்டல."

முதல் வாரம் முடிகிறபோது அவர் பேச்சு மாறியது. வேலை இருக்கிற வரைக்கும் பரவாயில்லை என்றார். வெயில் ஏறிய பிறகு கொட்டகைக்குள் போனால் மோட்டார் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. மோட்டாரோடு பேச ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னார். "எதுத்துப் பேசாது சார். செல்விய விட நல்ல குணம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் அதிக நேரம் போனது. சின்னப் பெண் ராத்திரியில் அப்பாவைக் கேட்டு அழுவதாகச் செல்வி சொல்லியிருந்தார். "எப்போ சார் வீட்டுக்குப் போலாம்?" என்று ஏழுமலை தினமும் கேட்கத் தொடங்கினார். நாள் அவருக்கும் தெரியும். அதை நான் சொல்லக் கேட்க வேண்டியிருந்தது அவருக்கு.

நாள் முடிந்தது. மதகருகில் வைத்தே எடுத்த சளி மாதிரியில் தொற்று இல்லை என்று வந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் வண்டியை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். தெரு முனையில் சீமைக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். வழிக்குக் குறுக்கே, இடுப்பு உயரத்துக்கு. அதற்கு அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து பேர். முன்னால் வார்டு மெம்பர் சேகர். 'கொரோனாக்காரன் ஊரைச் சுத்துறான்' என்று முதலில் போன் செய்தவர் அவர்தான்.

"சார், இன்னும் ஒரு மாசம் அங்கயே இருக்கட்டும் சார்."

"எதுக்கு? டெஸ்ட்ல இல்லன்னு வந்தாச்சு."

"டெஸ்டுலாம் தப்பா வருதுன்னு டிவில சொல்றாங்க சார். அவனுக்கு அங்க என்ன கொற? சர்க்காரே பாத்து அனுப்பி வச்ச எடம். இனிமே வெளியூர்லருந்து யாரு வந்தாலும் அங்கதான்னு பேசி முடிச்சிட்டோம். நீங்க காட்டின வழிதான சார்."

அனுப்பி வைத்த இடம். மருத்துவர் எழுத வேண்டாம் என்று சொன்ன வார்த்தை. நான் எழுதவில்லைதான். ஆனால் தெருவே பார்க்க ஒரு வீட்டிலிருந்து ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்து உப்பளத்தில் ஒட்டியிருந்தேன். அவர்கள் என் காகிதத்தைப் படிக்கவில்லை. பார்த்ததைப் படித்திருந்தார்கள்.

செல்வி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முள்ளின் அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"சேகரண்ணா, போன வாரம் உன் மச்சான் பைக்ல பாண்டிச்சேரி போயிட்டு வந்தானே, அவன எந்த உப்பளத்துல போட்ட?"

"ஏம்மா, அவன் சரக்கு வாங்கப் போனான்மா."

"ஓ. சரக்குக்குப் போனா கொரோனா ஒட்டாதோ?"

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். சேகர் சிரிக்கவில்லை. ஏழுமலை பாயைக் கீழே வைத்துவிட்டு அதன் மேல் உட்கார்ந்தார். சொந்தத் தெருவின் முனையில், வெயிலில்.

காவல் நிலையம் பத்து நிமிடத் தூரம். சட்டம் முழுக்க ஏழுமலையின் பக்கம் இருந்தது. அவர் விதியைக் கடைப்பிடித்திருந்தார். மீறியது தெரு. போனில் அவர்கள் எண்ணை எடுத்துவிட்டேன். அழைக்கும் முன் மருத்துவரைக் கேட்டேன்.

"போலீஸ் வந்தா அவர் அஞ்சு நிமிஷத்துல வீட்டுக்குள்ள போயிடுவாரு சார்," என்றார். "அப்புறம் அந்தத் தெருவுல அவர் பொண்ணுங்களோட யார் விளையாடுவாங்க? அவங்க எதுக்குப் பயப்படறாங்கன்னு முதல்ல கேளுங்க. முடியலன்னா கூப்பிடுங்க."

சேகரை மட்டும் தனியாக, முள்ளின் ஓரமாகக் கூப்பிட்டேன். எதற்குப் பயம் என்று கேட்டேன். முதலில் ஊர் என்றார், மக்கள் என்றார். பிறகு சொன்னார்.

"எங்கம்மா ஊட்டுல படுத்துக்கினு இருக்குது சார். கிட்னி போயிடுச்சு. வாரத்துல ரெண்டு நாள் டயாலிசிஸ். அதுக்கு வந்துச்சுன்னா ஒரு நாள் தாங்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அவன் வீடு எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி. நீங்க சொல்லுங்க சார், உங்கம்மான்னா என்ன பண்ணுவீங்க?"

அந்தப் பயம் பொய்யில்லை. மெம்பர் பதவிக்காக முள் வெட்டிய ஆள் என்று நினைத்துத்தான் அவரைக் கூப்பிட்டிருந்தேன்.

"டயாலிசிஸுக்கு எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"பாண்டிச்சேரிக்குத்தான். பார்டர்ல பாஸ் காட்டி."

"அங்க வரிசையில எத்தன ஊர்க்காரங்க உக்காந்திருக்காங்க?"

சேகர் விரலில் எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்.

"உங்கம்மாவுக்கு வர்றதா இருந்தா அங்கருந்துதான் வரும் சேகர். பதினாலு நாள் தனியா இருந்து, டெஸ்ட்லயும் இல்லன்னு வந்த ஆள்கிட்டருந்து வராது. இதே முள்ள நாளைக்கு வேற தெருக்காரன் உங்க வண்டிக்கு முன்னாடி போட்டா, நான் உங்களுக்காகவும் இதே மாதிரி வந்து நிப்பேன்."

தாழ்ந்த குரலில்தான் சொன்னேன். வேறு யாருக்கும் கேட்டிருக்காது. சேகர் செருப்புக் காலால் ஒரு கல்லை நகர்த்திக்கொண்டிருந்தார். பிறகு போய் ஒரு கம்பை எடுத்து, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு முள்ளைத் தானே விலக்கினார்.

"டேய், உள்ள வாடா," என்றார் ஏழுமலையைப் பார்த்து. "வந்து குளிச்சிட்டு உள்ள இரு. ரெண்டு நாளைக்கு வெளிய சுத்தாத."

"வாய்க்கால்ல தெனமும் குளிச்சிக்கினுதான இருந்தேன். உன்ன விட நான் சுத்தம்டா," என்றார் ஏழுமலை. சின்னப் பெண் முள்ளுக்குள் புகுந்து ஓடி வந்தாள். பாவாடை மாட்டிக் கிழிந்தது.

இது இங்கே முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

ஆறேழு வாரம் கழித்துச் சேகரின் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. தொற்று உறுதியானது. மருத்துவமனையில் சேர்த்து மூன்றாம் நாள் இறந்துபோனார். உடல் வீட்டுக்கு வரவில்லை. வண்டி நேராகச் சுடுகாட்டுக்குப் போனது. சேகரும் அவர் தம்பியும் மட்டும் கவச உடையில் நின்றார்கள். தெரு தள்ளி நின்றது. பறை இல்லை. நானும் அங்கே இருந்தேன். அது என் வேலை.

எல்லாம் முடிந்து உடையைக் கழற்றியதும் சேகர் என்னிடம் வந்தார். வியர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவன்கிட்டருந்து வந்துதா?"

என்ன சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"எங்கருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியாது சேகர். ஏழுமலைகிட்டருந்து வரல. அது தெரியும்."

கழற்றிய உடையைச் சுருட்டிப் பையில் போட்டார்.

"அன்னிக்கு சொன்னீங்களே சார், வரிசையில உக்காந்திருக்கறது. கூட்டினு போவாம இருந்திருந்தா?"

"கூட்டிட்டுப் போகலைன்னா அதுக்கு முன்னாடியே போயிருப்பாங்க."

தலையை ஆட்டினார். பிறகு தெருவுக்குப் போய் எல்லாரும் கேட்க அவரே சொன்னார், ஏழுமலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, எவனாவது வாயைத் திறந்தால் நடப்பதே வேறு என்று. அதை நான் பார்த்தேன். சேகரைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் அதையும் சேர்த்தே சொல்வேன்.

ஆனால் ஏழுமலை அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். அந்த அம்மாவை மருத்துவமனைக்கு ஏற்றிய அன்றே பாயைச் சுருட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாராம். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் ஏதும் சொல்வதற்கு முன் போய்விட வேண்டும் என்று நினைத்தாராம். இது செல்வி சொன்னது. நான் போய்ப் பேசிப் பார்த்தேன். செல்வி திட்டிப் பார்த்தார். சேகரே ஒரு நாள் மதகு வரைக்கும் வந்து, "டேய், நாடகம் போடாம வீட்டுக்கு வாடா," என்று கூப்பிட்டார். ஏழுமலை பகலில் வருவார். பெண்களைப் பார்ப்பார், அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பார். இருட்டும் முன் கொட்டகைக்குப் போய்விடுவார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அடைத்து வைத்தது சரியா? அந்த டிரைவருக்கு வந்தது இவருக்கும் வந்திருந்தால் அந்த ஒற்றை அறையில் ஆஸ்துமாக்காரர் ஒருவர் இருந்தார், இரண்டு வீடு தள்ளிச் சேகரின் அம்மா இருந்தார். ஆகவே ஏழுமலை தனியாக இருந்தாக வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கே இருப்பது என்பதை அவர் கேட்டார், நாம் காது கொடுத்தோம். அதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒருவருடைய சுதந்திரத்தை நிறுத்தி வைக்க நமக்கு ஒரு ஸ்டிக்கரும் கொஞ்சம் பசையும் போதும். அதைத் திருப்பிக் கொடுக்க நம்மிடம் எந்தப் பொருளும் கிடையாது. பதினாலாம் நாள் சுரண்டி எடுத்தால் தீர்ந்தது என்று நினைக்கிறோம். அடுத்த முறை உங்களுக்கு இப்படி ஒரு நிலைமை வந்தால், ஒட்டுகிற அன்றே தெருவைக் கூட்டுங்கள். இவர் எந்தத் தேதியில் திரும்பி வருவார், யார் போய்க் கூட்டி வருவது என்பதை அன்றே, அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். அது போதுமா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் உப்பளத்துக்குப் போனேன். மாலை. பாத்திகளில் உப்பு பூக்கத் தொடங்கியிருந்தது. மதகுக் கட்டை மேல் தூக்குவாளி இருந்தது. ஏழுமலை அதன் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"வாங்க சார்! ரிட்டயர்டாமே? இனிமே யார் மேல ஸ்டிக்கர் ஒட்டுவீங்க?"

"உன் மோட்டார் மேல."

சிரித்தார். சின்னப் பெண் ஆறாவது போவதாகச் சொன்னார். அப்பா இப்போது தேவலை என்றார். உப்பு எடுத்துப் போங்கள் என்று ஒரு பையில் கட்டி, மதகுக் கட்டை மேல் வைத்தார்.

நான் எடுப்பதற்காக மதகில் ஏறியதும் அவர் எழுந்து நாலடி பின்னால் போய் நின்றார். கட்டுப்பாடுகள் எல்லாம் விலக்கப்பட்டு அப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.